ரஸ்ட்: எரரை மேலே அனுப்பிக்கொண்டே போனால் கடைசியில் யாருக்கு என்ன புரியும்?

வரப்பு

பல வருடம் சி மொழியில் புரோகிராம் எழுதியவன். இப்போது வேலையில் ஒரு கருவியை ரஸ்ட் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஃபோல்டரில் வந்து விழும் சிஎஸ்வி கோப்புகளைப் படித்து, சரிபார்த்து, பைனரியாக எழுதி, சர்வருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. எல்லா ஃபங்ஷனும் ரிசல்ட் (ஓகே அல்லது எரர், இரண்டில் ஒன்று) திருப்புகிறது, எரர் பக்கம் எந்த வகை எரரையும் போடக்கூடிய பாக்ஸ் டின் எரர், ஏறக்குறைய எல்லா வரியின் கடைசியிலும் ஒரு கேள்விக்குறி. கம்பைல் ஆகிறது, பார்க்கவும் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் ஏதாவது தப்பு நடந்தால் திரையில் வருவது இதுதான்: "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி, ஓஎஸ் எரர் 2". எந்த ஃபைல்? கோடு எட்டு இடத்தில் ஃபைல் திறக்கிறது. இல்லையென்றால் "இன்வாலிட் டிஜிட் ஃபவுண்ட் இன் ஸ்ட்ரிங்". எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த எழுத்து? மொட்டைக் கடிதாசி மாதிரி இருக்கிறது. சி-யில் எழுதியபோது ஒவ்வொரு இடத்திலும் கையால் எஃப்பிரின்ட்எஃப் என்று அச்சிடும் வரி போட்டுத் தொலைத்தேன், ஆனால் எங்கே உடைந்தது என்று தெரிந்தது.

எந்த எரரையும் சுமக்கும் எனிஹவ் லைப்ரரியைப் போடு என்கிறார் ஒருவர், எரர் வகைகளைப் பட்டியலிடும் எனம் எழுது என்கிறார் இன்னொருவர், எரர் வந்தால் அங்கேயே விழுந்துவிடும் (பேனிக்) அன்ராப் போட்டுவிட்டுப் போ என்கிறார் மூன்றாமவர். கம்பெனி கோடு என்பதால் இங்கே ஒட்ட முடியாது, மன்னிக்கவும்.

குறுநிரல்

கேள்விக்குறி என்ன செய்கிறது என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். ரிசல்ட்டில் ஓகே இருந்தால் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்கும். எரர் இருந்தால் அதை ஃப்ரம் என்ற ட்ரெய்ட் (டைப் மாற்றும் விதி) வழியாக உங்கள் ஃபங்ஷனின் எரர் டைப்பாக மாற்றி, அங்கேயே ரிட்டர்ன் செய்துவிடும். ஸ்டேக்கை அவிழ்த்துக்கொண்டு ஓடும் எக்ஸப்ஷன் எந்திரம் எதுவும் பின்னால் இல்லை, சாதாரண இஃப்-ரிட்டர்ன்தான். 2015 மே மாதம் 1.0 வந்தபோது இதே வேலைக்கு ட்ரை என்று ஒரு மேக்ரோ இருந்தது. அழைப்புகளைச் சங்கிலியாக எழுதினால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என்று போய் எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. 2016 நவம்பரில் 1.13 பதிப்பில்தான் இந்த ஒற்றைக் குறி வந்தது.

இப்போது உங்கள் எரர் 2. கோப்பைத் திறக்கும் ஓப்பன் சிஸ்டம் கால் தோற்றால் ஓஎஸ்ஸின் மையமான கர்னல் திருப்பித் தருவது ஒரு எண் மட்டுமே. கோப்பின் பெயர் அதில் கிடையாது, ஏனென்றால் அதைக் கொடுத்தவரே நீங்கள்தான். ரஸ்டின் ஐஓ (படிப்பது, எழுதுவது) எரர் அந்த எண்ணை அப்படியே சுமந்து வருகிறது. பெயரையும் சேர்த்து வைத்தால் என்ன என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். சேர்த்தால் ஒவ்வொரு தோல்விக்கும் ஹீப் மெமரியில் இடம் ஒதுக்கிப் பாதையைப் பிரதி எடுக்க வேண்டும். ஒரு கோப்பு இருக்கிறதா என்று பத்து ஃபோல்டரில் தேடும் புரோகிராமுக்கு "இல்லை" என்பது எரரே கிடையாது, சாதாரண பதில்; அதற்கு எதற்கு அந்தச் செலவு? 64 பிட் லினக்ஸில் இன்று ஐஓ எரர் முழுவதும் 8 பைட்தான்.

ஆகவே பெயரைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு, அதுவும் பெயர் கையில் இருக்கும் ஃபங்ஷனிலேயே. மேலே போய்விட்டால் பெயர் போய்விடும். எனிஹவ் கிரேட்டில் (ரஸ்டில் லைப்ரரிக்கு அந்தப் பெயர்) வித்-கான்டெக்ஸ்ட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது, கேள்விக்குறிக்கு முன்னால் அதைப் போட்டு "இந்தக் கோப்பைத் திறக்கும்போது" என்று ஒரு வரி சேருங்கள். அது க்ளோஷர், அதாவது தேவைப்பட்டால் மட்டும் ஓடும் சின்ன ஃபங்ஷன், வாங்குவதால் எரர் வந்தால் மட்டும்தான் அந்த ஸ்ட்ரிங் உருவாகும், சரியாகப் போகும் பாதைக்குச் செலவு இல்லை.

மூன்றாம் வரி

எனிஹவ் போட்டால் தீர்ந்தது. இதற்கு எதற்கு நீண்ட இழை?

அரைநிலா

தீராது. எனிஹவ் போட்டுவிட்டு கான்டெக்ஸ்ட் சேர்க்காமல் கேள்விக்குறி மட்டும் போட்டால் அதே எரர் 2 தான் வரும், டைப் பெயர் மட்டும் மாறியிருக்கும். கிரேட்டை மாற்றிவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைக்கும் ஆட்களை நிறையப் பார்க்கிறேன்.

நான் கேட்கும் கேள்வி வேறு. இந்த எரரை வாங்கிக்கொள்பவர் யார்? இன்னொரு கோடு அதைப் பார்த்து முடிவெடுக்கப் போகிறதா, இல்லை ஒரு மனிதர் படித்துவிட்டுப் போய் எதையாவது சரிசெய்யப் போகிறாரா? கோடு முடிவெடுக்க வேண்டும் என்றால் எனம் வேண்டும்: நெட்வொர்க் போய்விட்டது, திரும்ப முயற்சி செய், பாஸ்வேர்ட் தப்பு, திரும்ப முயற்சி செய்யாதே. இரண்டும் ஒரே ஸ்ட்ரிங் டப்பாவில் வந்தால் அழைப்பவர் ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார், அதற்குப் பிறகு அந்த மெசேஜில் ஒரு எழுத்துப்பிழையைக்கூட நீங்கள் திருத்த முடியாது. மனிதர் படிப்பதற்கு என்றால் எனிஹவ் போதும், கதை முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவே. லைப்ரரிக்கு எனம், அப்ளிகேஷனுக்கு எனிஹவ் என்று சொல்வது இதன் சுருக்கம்தான், ஆனால் அப்ளிகேஷனுக்குள்ளேயே திரும்ப முயற்சி செய்யும் ஒரு மூலை இருக்கும், அங்கே எனம்தான் சரி.

எனம் எழுதுபவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. எனம் எரர் எழுத உதவும் திஸ்எரர் கிரேட்டில் ஃப்ரம் குறிப்பு போட்டால் ஐஓ எரர் தானாக "ஐஓ" என்ற ஒரு வேரியன்ட்டாக (எனத்தின் ஒரு வகையாக) மாறிவிடும். வசதிதான். ஆனால் அந்த வேரியன்ட் என்ன சொல்கிறது? எங்கேயோ ஏதோ ஐஓ தோற்றது என்று. கான்ஃபிக் படிக்கும்போதா, அவுட்புட் எழுதும்போதா? இரண்டுக்கும் ஒரே பெயர். ஒரு டைப்புக்கு ஒரு ஃப்ரம் மட்டுமே எழுத முடியும் என்பதால் இந்த வசதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் எனம் கீழே இருக்கும் லைப்ரரிகளின் பட்டியலாக மாறிவிடும். வேரியன்ட்டுக்குப் பெயர் வைக்கும்போது எந்த வேலை தோற்றது என்று வையுங்கள்: கான்ஃபிக் படிக்க முடியவில்லை, உள்ளே பாதை, அதற்குள் மூல எரர். எரரை மாற்றும் மேப்-எரர் கையால் எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள்.

பழைய சி ஆள்

இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சி-யில் மைனஸ் 1 வந்தால் எரர் எண் இருக்கும் எர்நோவைப் பார், கோட்டோ போட்டுக் கீழே போ, எடுத்ததையெல்லாம் தலைகீழ் வரிசையில் விடு. லினக்ஸ் கர்னல் முழுக்க அப்படித்தான் நிற்கிறது, அதுவும் 90களிலிருந்து. பாயின்டர் (மெமரி முகவரி) திருப்பும் ஃபங்ஷன் எரரையும் அதே பாயின்டருக்குள் வைத்து அனுப்பும். அட்ரஸ் வெளியின் கடைசி 4095 மதிப்புகள் எரர் எண்கள், ஈஸ்-எர் கேட்டால் சொல்லிவிடும். கூடுதலாக ஒரு பைட் கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. ஒரு குறியைப் போட்டுவிட்டு ஃபங்ஷன் நடுவிலிருந்து மாயமாக வெளியேறும் மொழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறுநிரல்

சார், கண்ணுக்குத் தெரிந்ததால்தான் 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்பு) கோடில் "கோட்டோ ஃபெயில்" என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை நின்றது. முதல் வரி இஃப்புக்குள், இரண்டாவது இஃப்புக்கு வெளியே, இன்டென்ட் மட்டும் உள்ளே இருப்பது மாதிரி. எரர் வேரியபிளில் அப்போது பூஜ்ஜியம், அதாவது வெற்றி. கையெழுத்தைச் சரிபார்க்கும் கடைசிப் படியைத் தாண்டிப் போய் எல்லாம் சரி என்று திருப்பிவிட்டது. ஐஃபோன், மேக் இரண்டிலும் நடுவில் உட்கார்ந்து போலி சர்வர் காட்ட முடிந்தது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது கோட்டோ இல்லை. எரர் வேரியபிள் "வெற்றி" என்ற மதிப்போடு பிறக்கிறது, யாராவது தொட்டால்தான் தோல்வியாக மாறும். ரஸ்டில் ஓகே என்று நீங்களே கட்டிக் கொடுத்தால்தான் வெற்றி. ரிசல்ட்டை வாங்கிவிட்டு பார்க்காமல் விட்டால் மஸ்ட்-யூஸ் எச்சரிக்கை வரும். எர்நோவுக்கு அதெல்லாம் கிடையாது. ஓப்பன் தோற்றதும் முதலில் லாக் எழுதிவிட்டு அப்புறம் எர்நோவைப் பார்த்தால், லாக் எழுதிய ஃபங்ஷன் அதை மாற்றியிருக்கலாம்.

பழைய சி ஆள்

ஆப்பிள் கதை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ரஸ்டுக்குள்ளும் கர்னலுக்குப் போனதும் அதே எர்நோதானே வருகிறது?

அரைநிலா

வருகிறது, ஆனால் டைப்புக்குள் அடைபட்டு வருகிறது. 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 கர்னலில் ரஸ்ட் நுழைந்தபோது அதன் எரர் டைப் என்பது ஒரு எர்நோ எண், அவ்வளவுதான். மெசேஜ் இல்லை, சங்கிலி இல்லை, ஹீப் இல்லை. கேள்விக்குறி மட்டும் அப்படியே வேலை செய்கிறது. அதற்கு முந்தைய வருடம் பேட்ச் வந்தபோது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் முதலில் எதிர்த்ததே மெமரி கிடைக்காவிட்டால் பேனிக் ஆகும் பழக்கத்தைத்தான். அதனால் அங்கே வெக்டர் என்ற வளரும் பட்டியலுக்குள் ஒன்றைத் தள்ளினாலும் ரிசல்ட் வரும். யூசர் பக்கத்தில் நாம் எழுதும் சாதாரண புஷ் மெமரி இல்லையென்றால் புரோசஸையே சாய்த்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு அது பரவாயில்லை, கர்னலுக்குப் பரவாயில்லை என்று விட முடியாது. ஒரே மொழிதான், இடத்தைப் பொறுத்து எரரின் எடை மாறுகிறது.

தெற்கு வாசல்

அன்ராப் பற்றி யாரும் பேசவில்லையே. 2025 நவம்பர் 18 அன்று, ஏராளமான தளங்களின் டிராஃபிக்கைக் கையாளும் கிளவுட்ஃபிளேர் விழுந்து பாதி இணையம் படுத்ததே ஒரு அன்ராப்பால்தான். கிளிப்பி என்ற ரஸ்ட் கோடு சரிபார்ப்பியில் அன்ராப்-யூஸ்ட் லின்ட்டைத் (விதியை) தடையாகப் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. எங்கள் டீமில் போட்டுவிட்டோம்.

நீர்மட்டம்

கிளவுட்ஃபிளேர் வெளியிட்ட அறிக்கையை முழுசாகப் படித்தால் அவ்வளவு எளிதாக அன்ராப் மேல் பழி போட முடியாது. வரிசையாகப் பார்ப்போம்.

கிளிக்ஹவுஸ் டேட்டாபேஸில் அனுமதி முறையில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதனால் பாட் (தானாக இயங்கும் புரோகிராம்) கண்டுபிடிக்கும் அமைப்புக்கான கோப்பைத் தயாரிக்கும் ஒரு க்வெரி, வரிகளை இரட்டிப்புக்கும் மேலாகத் திருப்ப ஆரம்பித்தது. க்வெரியில் டேட்டாபேஸ் பெயர் வடிகட்டி இல்லை. அந்தக் கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உருவாகி உலகம் முழுவதும் உள்ள மெஷின்களுக்குப் போகும். டிராஃபிக்கை நடுவில் நின்று கடத்தும் பிராக்ஸி முன்கூட்டியே மெமரி ஒதுக்கி வைப்பதால் கோப்பில் 200 ஃபீச்சர் (அம்சம்) வரை என்று ஓர் எல்லை இருந்தது, வழக்கமாக வருவது 60 அளவில். எல்லை தாண்டியதும் கோடு ஒழுங்காக எரர் திருப்பியது. அதை வாங்கிய இடத்தில் அன்ராப். த்ரெட் பேனிக், பயனர்களுக்கு சர்வர் கோளாறைச் சொல்லும் 500 வகை எரர்.

இப்போது அந்த அன்ராப்பை எடுத்துவிட்டுக் கேள்விக்குறி போடுங்கள். எரர் ஒரு படி மேலே போகும். மேலே இருப்பவர் என்ன செய்வார்? அவரும் கேள்விக்குறி போட்டால் கடைசியில் அதே 500 தான், பேனிக் மெசேஜ் மட்டும் இருக்காது. உள்ளே வரும் கோப்பு கெட்டுப் போயிருந்தால் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோப்பை வைத்துக்கொள், சத்தமாக அலாரம் அடி என்று யாராவது முடிவெடுத்திருக்க வேண்டும். அந்த முடிவை எந்த லின்ட்டும் எழுதித் தராது. லின்ட் போட்ட டீம்களில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன்: அன்ராப் இருந்த இடத்தில் அன்ராப்-ஆர்-டிஃபால்ட் வந்து உட்காரும். லின்ட் வாயை மூடிக்கொள்ளும். பூஜ்ஜியமும் காலி ஸ்ட்ரிங்கும் சத்தமில்லாமல் உள்ளே ஓடும்.

அதற்கும் அதே அறிக்கையிலேயே சாட்சி இருக்கிறது. அவர்களின் பழைய பிராக்ஸியில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு எரர் எதுவும் வரவில்லை. ஆனால் எல்லா டிராஃபிக்குக்கும் பாட் ஸ்கோர் பூஜ்ஜியம் என்று போனது. அதை நம்பி பாட்களைத் தடுக்கும் விதி வைத்திருந்தவர்களுக்கு நிஜ மனிதர்களும் பாட் ஆகத் தெரிந்தார்கள். விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள், இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தெற்கு வாசல்

அப்படியானால் அன்ராப் சரி என்கிறீர்களா?

நீர்மட்டம்

சில இடத்தில் சரி. வெளியிலிருந்து வரும் எதற்கும் கூடாது: கோப்பு, நெட்வொர்க், பயனர், இன்னொரு டீமின் சர்வீஸ். "நம்ம டேட்டாபேஸிலிருந்துதானே வருகிறது" என்பதும் வெளிதான், மேலே பார்த்தோமே. ஆனால் கோடிலேயே எழுதி வைத்த ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத் தேடல்) பேட்டர்ன் கம்பைல் ஆகாமல் போனால் அது என் தப்பு, ஓட்டத்தில் அதைச் சமாளிக்க யாராலும் முடியாது, அங்கே ரிசல்ட் திருப்பினால் அழைப்பவருக்குத் தேவையில்லாத பாரம். எக்ஸ்பெக்ட் (மெசேஜோடு வரும் அன்ராப்) போட்டு ஏன் இது நடக்காது என்று நான் நம்புகிறேன் என்பதை மெசேஜில் எழுதிவிடுவேன். "தோற்றது" என்று எழுதுவது வீண், தோற்றது என்பதுதான் பேனிக்கிலேயே தெரிகிறதே.

த்ரெட்கள் ஒரே டேட்டாவில் மோதாமல் காக்கும் மியூடெக்ஸ் லாக் (பூட்டு) எடுக்கும்போது அன்ராப் போடுவதும் இந்த வகைதான். லாக்கை வைத்திருந்த த்ரெட் பேனிக் ஆனால் மியூடெக்ஸ் விஷமாகிவிடும், அடுத்தவர் லாக் கேட்டால் எரர் வரும். பாதி மாற்றிய டேட்டாவை வைத்துக்கொண்டு தொடர வேண்டுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வேண்டாம் என்பதே.

கிழக்குச் சாளரம்

விண்வெளிக்காரர்கள் இந்தப் பாடத்தை 1996-லேயே கட்டணம் கட்டிப் படித்துவிட்டார்கள். ஜூன் 4, ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். 64 பிட் ஃப்ளோட்டை 16 பிட் சைன்ட் இன்டிஜராக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளவில்லை, ஏடா மொழியின் எக்ஸப்ஷன் எழுந்தது, பிடிக்க ஆளில்லை. அந்த இடத்தில் ஏழு வேரியபிள்கள் இருந்தன, நாலுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு, அதோடு முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இல் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வர வாய்ப்பே இல்லை. இன்னொரு வேடிக்கை, அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையில்லாதது.

எனக்கு அதில் மறக்க முடியாதது எரர் எப்படிப் பயணம் செய்தது என்பது. எக்ஸப்ஷன் வந்தால் அது ஹார்டுவேர் கோளாறாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில், எரர் தகவலை டேட்டா பஸ்ஸில் எழுதிவிட்டு, திசையும் வேகமும் அளக்கும் அந்த யூனிட்டை நிறுத்து, மாற்று யூனிட் பார்த்துக்கொள்ளும் என்று வடிவமைத்திருந்தார்கள். மாற்று யூனிட்டிலும் அதே சாஃப்ட்வேர், அது அதற்கு முந்தைய 72 மில்லிசெகண்ட் சுற்றிலேயே இதே காரணத்தால் படுத்துவிட்டது. முதன்மை யூனிட் கடைசியாக அனுப்பிய எரர் தகவலை மெயின் கம்ப்யூட்டர் பறக்கும் டேட்டா என்று நினைத்துப் படித்தது. நாசிலைத் திருப்பியது. எரரும் மதிப்பும் ஒரே கம்பியில், ஒரே உருவத்தில். மைனஸ் 1 வந்தால் தப்பு, மற்றபடி மதிப்பு என்று நாம் எழுதுவதும் இதே குடும்பம்தான்.

பழைய சி ஆள்

கடைசி வரி என்னைக் குறிவைத்து எழுதியது என்று தெரிகிறது. பரவாயில்லை.

ஓரம்

கோ மொழியில் எழுதுபவன். ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் எழுதும் மூன்று வரிச் சோதனையை வைத்து எங்களை எல்லாரும் இஃப் எர் நாட் ஈக்வல் நில் என்று கிண்டல் செய்வார்கள், 2019-இல் ட்ரை கொண்டு வரலாம் என்று ஒரு முன்மொழிவு வந்து பெரும் எதிர்ப்பில் கைவிடப்பட்டது, 2025 ஜூனில் கோ குழுவே இனி இதற்காகத் தொடரியல் மாற்றம் தேடப் போவதில்லை என்று எழுதிவிட்டது. அந்த மூன்று வரி இருப்பதால் ஒரு நன்மை: அங்கே வந்து நிற்கும்போது கையோடு "இன்னது செய்யும்போது" என்று ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றும். உங்கள் கேள்விக்குறி அந்த இடத்தைத் தாண்டி ஓட வைக்கிறது. வரப்பு சொன்ன பிரச்சினை அதுதான்.

ஆனால் கோ-வில் எரரைப் பார்க்காமல் விட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வரி

ஜிக் மொழியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்திருக்கிறார்கள். எரர் என்பது வெறும் எண், கூட எதையும் சுமக்க முடியாது, கோப்பின் பாதையும் கிடையாது. ஆனால் டீபக் பில்டில் எரர் எந்தெந்த ட்ரை வழியாக மேலே ஏறியது என்று தடம் காட்டும். சாதாரண ஸ்டேக் ட்ரேஸ் எரர் பிறந்த இடத்தைக் காட்டும், இது போன பாதையைக் காட்டும். அப்புறம் எர்டிஃபர்: ஃபங்ஷன் எரரோடு வெளியேறினால் மட்டும் ஓடும் சுத்தம் செய்யும் வரி. சி ஆள் சாருக்கு அது பிடிக்கும், கோட்டோ ஏணியின் வேலையை அதுவே செய்கிறது.

குறுநிரல்

சுத்தம் செய்வது என்றதும் ஞாபகம் வருகிறது. வரப்பு பைனரி கோப்பு எழுதுவதாகச் சொன்னார், அங்கே ரஸ்ட் ஒரு எரரை நிஜமாகவே விழுங்கும். ஸ்கோப் முடிந்ததும் தானாக ஓடும் டிராப் எதையும் திருப்ப முடியாது. எழுத வேண்டியதைச் சேர்த்து வைக்கும் பஃப்-ரைட்டர் ஸ்கோப் முடிந்து டிராப் ஆகும்போது மிச்சம் இருக்கும் பைட்களை எழுதப் பார்க்கும், டிஸ்க் நிரம்பி அது தோற்றால் அந்த எரரை ஓசையில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். ஃபைல் டிராப் ஆகும்போது க்ளோஸ் தரும் எரருக்கும் அதே கதி. உங்கள் கருவி "முடிந்தது" என்று சொல்லும், கோப்பின் வால் இருக்காது. கடைசியில் ஃப்ளஷ் கூப்பிட்டு அதற்கும் கேள்விக்குறி போடுங்கள், டிஸ்கில் நிஜமாகவே பதிய வேண்டும் என்றால் சின்க்-ஆல்.

சின்க் தோற்றால் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். 2018-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஆட்கள் இதில்தான் அதிர்ந்து போனார்கள். லினக்ஸில் எழுதுவது தோற்றதும் அந்த மெமரிப் பக்கங்களைச் சுத்தம் என்று குறித்துவிட்டு, சின்க்-ஆல் உள்ளே கூப்பிடும் எஃப்சின்க் ஒருமுறை எரர் சொல்லும். இரண்டாவது முறை கூப்பிட்டால் வெற்றி என்று வரும், ஆனால் டேட்டா டிஸ்கில் இல்லை. பல வருடமாகத் திரும்ப முயற்சி செய்தால் போதும் என்று நம்பி எழுதிய கோடு. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதலான பதிப்புகளில் எஃப்சின்க் தோற்றால் சர்வரையே பேனிக் செய்து, லாக்கிலிருந்து மீட்டு எழுப்புவது என்று மாற்றினார்கள். டேட்டாவைக் காப்பதற்காகவே உட்கார்ந்திருக்கும் புரோகிராம் வேண்டுமென்றே விழுகிறது. அன்ராப் தடைக்காரர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வரப்பு

ஃப்ளஷ் விஷயம் தெரியாது, உடனே சேர்க்கிறேன். கான்டெக்ஸ்ட் எல்லா இடத்திலும் போட ஆரம்பித்துவிட்டேன், ஆனால் இப்போது எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஒரு கோப்பு கெட்டுப் போனால் ஒரே எரர் லாக்கில் நாலு தடவை வருகிறது, அதிலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமாக. மெயினிலிருந்து ரிசல்ட் திருப்பும் இடத்தில் எனம் எரர் வந்தால் சுருள் அடைப்புக்குறியோடு கண்றாவியாக அச்சாகிறது. இதற்கும் வழி சொல்லுங்கள்.

அரைநிலா

நாலு தடவை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, ஒவ்வொரு அடுக்கிலும் லாக் எழுதிவிட்டு அதே எரரை மேலேயும் அனுப்புவது. எழுதினால் அனுப்பாதீர்கள், அனுப்பினால் எழுதாதீர்கள். யார் அந்த எரரை முடித்து வைக்கிறாரோ அவர் எழுதட்டும். உங்கள் கருவியில் அது கோப்புகளைச் சுற்றி வரும் லூப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்: ஒரு கோப்பு தோற்றால் அங்கே லாக் எழுதி, எண்ணிக்கையைக் கூட்டி, அடுத்த கோப்புக்குப் போவது. அந்த லூப்புக்குள் கேள்விக்குறி போட்டால் முதல் கெட்ட கோப்பிலேயே மிச்ச எல்லாக் கோப்பும் நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிஸ்ப்ளேயில் (மெசேஜை அச்சிடும் இடத்தில்) உள்ளே இருக்கும் எரரின் மெசேஜையும் ஒட்டிவிட்டு, உள் எரரைத் தரும் சோர்ஸ் மெத்தட்டிலும் அதையே திருப்புவது. சங்கிலியை அச்சிடும் கோடு ஒவ்வொரு கண்ணியாக நடக்கும்போது ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். ஏதாவது ஒன்றில் மட்டும் வையுங்கள். என் விருப்பம் சோர்ஸ்.

மெயின் பிரச்சினை: ரஸ்ட் 1.26-இலிருந்து மெயின் ரிசல்ட் திருப்பலாம், ஆனால் அது புரோகிராமருக்கான டீபக் வடிவில் அச்சிடும். எனிஹவ் தன் டீபக்கையே மனிதர் படிக்கிற மாதிரி, காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. உங்கள் எனம் கம்பைலர் தானாக உருவாக்கிய (டிரைவ்) டீபக்கோடு இருந்தால் கண்றாவியாகத்தான் வரும். உண்மையான வேலையை "ரன்" என்று ஒரு ஃபங்ஷனில் வைத்து, மெயினில் அதை மேட்ச் செய்து, சங்கிலியை நீங்களே ஸ்டாண்டர்ட் எரரில் எழுதி, எக்ஸிட் கோடு நீங்களே கொடுங்கள். நேரம் வைத்து ஓட்டும் க்ரானில் ஓடுகிறது என்றால் எக்ஸிட் கோடுதான் முக்கியம், அதைப் படிப்பதும் ஒரு புரோகிராம்தான்.

ஒரு ஓரக் குறிப்பு: எனம் பெரிதாகி 128 பைட் தாண்டினால் கிளிப்பி திட்டும். திட்டுவதில் நியாயம் இருக்கிறது, ரிசல்ட் என்பது ஓகே, எரர் இரண்டில் பெரியதற்கு இடம் பிடிக்கும், எரரே வராத பாதையிலும் அந்த அளவு நகர்ந்துகொண்டிருக்கும். பெரிய வேரியன்ட்டைப் பாக்ஸுக்குள் போட்டால் சரியாகும்.

ஓரம்

சிஎஸ்வியில் முதல் கெட்ட வரியிலேயே நிற்க வேண்டுமா, எல்லாக் கெட்ட வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்பதையும் முடிவு செய்யுங்கள். ஆயிரம் வரிக் கோப்பை அனுப்பியவர் ஒரு தப்பைத் திருத்தி அனுப்ப, அடுத்த தப்பு, அதைத் திருத்த அடுத்தது என்று போனால் உங்களைத் திட்டுவார். ரஸ்டில் கலெக்ட் செய்து ரிசல்ட் வெக்டர் ஆக்கினால் முதல் எரரில் நின்றுவிடும்.

குறுநிரல்

ஆமாம், அங்கே கேள்விக்குறி வேண்டாம். எரர்களுக்குத் தனி வெக்டர் வைத்து, வரி எண், காலம் (நெடுவரிசை) பெயர், வந்த எழுத்து மூன்றையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள். பார்ஸ்-இன்ட்-எரர் அந்த எழுத்தைச் சுமப்பதில்லை, நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நூறு தாண்டினால் நிறுத்திவிடலாம், தப்பான ஃபார்மேட்டில் வந்த கோப்பாக இருக்கும்.

பழைய சி ஆள்

சரி, நானும் ஒரு சின்ன ரஸ்ட் புரோகிராம் எழுதிப் பார்த்தேன். அவுட்புட்டை, முதல் பத்து வரி மட்டும் காட்டும் ஹெட் கமாண்டுக்குப் பைப் செய்தேன். பத்து வரி வந்ததும் பேனிக். சி-யில் இந்த நாற்பது வருடத்தில் இப்படி ஒன்று பார்த்ததில்லை. இதுதான் பாதுகாப்பான மொழியா?

நீர்மட்டம்

சார், அது பழைய கதை. சி புரோகிராமில் பைப் மூடியதும் சிக்பைப் சிக்னல் வந்து புரோசஸ் சத்தமில்லாமல் செத்துவிடும், அதனால்தான் நீங்கள் பார்க்கவில்லை. ரஸ்டின் ரன்டைம் ஆரம்பத்திலேயே சிக்பைப்பை இக்னோர் செய்துவிடுகிறது, ஆகவே எழுதும் அழைப்பு ஈபைப் எரராகத் திரும்புகிறது, பிரின்ட்எல்என் மேக்ரோ எழுத முடியாவிட்டால் பேனிக் ஆகும். ரைட்எல்என் மேக்ரோவுக்கு மாறுங்கள், அது ரிசல்ட் தரும். ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை ஒருமுறை லாக் (பூட்டு) செய்து வைத்துக்கொண்டு எழுதினால் வேகமும் கூடும். மேலே எரரின் கைண்ட் புரோக்கன்-பைப் என்று வந்தால் ஒன்றும் அச்சிடாமல் வெளியேறிவிடுங்கள், மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போல் மேலே அனுப்புங்கள்.